கிளுவை வேலியில் ஒரு காந்தள்

ஆடி

மண் கீறியிருக்கிறது. மயிரிழைக் கீறல்.

கீறலுக்குள் ஒரு முனை. வெளிறிய பச்சை. வெயில் இன்னும் அதன் மேல் படவில்லை.

*

காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து, தாராபுரம் தாண்டி, மூலனூர்க் காடுகளில் தடையின்றி ஓடுகிற காற்று. ஆடி முழுக்க இது ஓய்வதில்லை. தூரத்தில் காற்றாலைகள். பகலில் தெரிகின்றன. இரவில் கேட்கின்றன.

முனை அசையவில்லை. அசைவதற்கு வேண்டிய உயரம் இன்னும் வரவில்லை.

*

ஒரு சொம்புத் தண்ணீர். மண் இழுத்துக்கொள்கிறது. மேலே ஈரத்தின் கருமை. கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்குகிறது.

வேலை இருக்கிறது. அது இருக்கட்டும்.

*

செம்மண், மணல், மட்கிய சாணி. மூன்றும் கலந்த மண். தண்ணீர் தங்கக் கூடாது. தங்கினால் கிழங்கு அழுகிவிடும். தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச்சில் ஒன்று கிடக்கிறது. கிழங்கைவிட அந்தத் துளையைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

ஒரு கொடி தொட்டியில். ஒரு கொடி வேலியில்.

தொட்டியில் இருப்பது நட்டது. வேலியில் இருப்பது யாரும் நடாதது.

*

கிளுவை வேலி. இந்தப் பக்கம் கொரங்காடு எல்லாவற்றுக்கும் இதுதான் வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். அங்கங்கே வெள்வேல மரம். மேயும் காங்கேயம் மாடுகள். கிளுவை முள்ளுக்குள் கை நுழையாது. மாட்டின் வாயும் நுழையாது.

காந்தள் அதற்குள் முளைக்கிறது.

*

தண்டு ஒரு சாண். நேராக நிற்கிறது. கீழ் இலைகளில் சுருள் இல்லை. காம்பில்லாமல் தண்டை ஒட்டியே எழுகின்றன. தொட்டால் குளிர்ச்சி. மெல்லிய மினுமினுப்பு.

மேலே போகப் போக இலையின் நுனி நீள்கிறது.

*

மாலை. காற்று பலமாக வீசுகிறது. தண்டு முழுதும் கிழக்கே சாய்கிறது. நிமிர்கிறது. சாய்கிறது.

இளந்தண்டு மளுக்கென்று ஒடிந்துவிடக் கூடியது. ஒரு முளைக்கு ஒரு தண்டுதான். கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தோன்றுவதைப் பார்த்தபடி இருக்கிறேன். கை மடியிலேயே இருக்கிறது.

*

நிமிர்கிறது.


ஆவணி

விராலி மிலார் ஊன்றியாயிற்று. காய்ந்த மிலார். பொடிக் குச்சிகள் நிறைய. காந்தள் பயிரிடும் வயல்களிலும் இதைத்தான் ஊன்றுகிறார்கள். மேலே கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள்.

பருத்த கழியை இந்தக் கொடியால் பிடிக்க முடியாது. ஈர்க்குப் பருமன் போதும்.

*

தண்டு எதையும் சுற்றுவதில்லை. அது மேலே போகிறது, அவ்வளவுதான். பிடிக்கிற வேலை இலைகளுடையது.

*

இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீள்கிறது. முதலில் நேராக. பிறகு கீழ்நோக்கி வளைந்து ஒரு கொக்கி. கொக்கியின் உட்பக்கம் திறந்திருக்கிறது.

விரலை அருகில் கொண்டுபோகிறேன். தொடவில்லை. விரலின் நிழல் கொக்கியின் மேல் விழுகிறது.

*

ஒரு கொக்கி குச்சியைத் தொட்டிருக்கிறது. காலையில் தொடல் மட்டும். பிறகு அரைச் சுற்று. வெளிச்சம் குறையும்போது முழுச் சுற்று.

அது நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல்தான் இருந்தேன்.

*

எதுவும் கிடைக்காத கொக்கி பல நாள் திறந்தே இருக்கிறது. பிறகு நுனி தனக்குள் சுருள்கிறது. தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவில். சுருண்ட பிறகு குச்சியை அதனருகே கொண்டுபோய் வைத்தாலும் அசைவதில்லை.

சார்லஸ் டார்வின் இதைக் கவனித்திருக்கிறார். ஏறுகொடிகளின் அசைவைப் பற்றி 1875-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில், காந்தளின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் இலைநுனிக்கும் இடம் இருக்கிறது.

ஒரு மனிதர். ஒரு இலை. நாள் கணக்கில் எதிரெதிரே.

*

பாதத்தின் மேல் எறும்பு. ஊர்கிறது. நிற்கிறது. திரும்பி வந்த வழியே போகிறது.

*

தொட்டிக் கொடி மிலாரின் பாதியை எட்டிவிட்டது. வேலிக் கொடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கிளுவையின் இலைக்குள் இலையாக மறைந்திருக்கிறது. தேடினால் ஒரு கொக்கி தென்படுகிறது. அது கிளுவை முள்ளையே பிடித்திருக்கிறது.

*

இலையின் அடியில் புழு. கருத்த உடம்பு. வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி. மறைந்துகொள்ள அது முயலவில்லை.

இலை, தண்டு, பூ, விதை, கிழங்கு. இந்தக் கொடியில் எல்லாமே நஞ்சு. புழு நிதானமாகத் தின்கிறது. அசைவு தலையில் மட்டும். மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ். இலையின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது.

*

வயலில் இதற்கு மருந்து அடிக்கிறார்கள். வேறு வழி இல்லை. விட்டால் ஒரே வாரத்தில் கொடி மொட்டையாகிவிடும்.

தொட்டியில் இருப்பதை ஒரு குச்சியால் எடுத்து வெளியே விடுகிறேன். வேலியில் இருப்பது வேலியிலேயே இருக்கிறது.

*

மழை இல்லை. மேகம் மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதன் நிழல் கொரங்காட்டின் மேல் ஓடுகிறது. மாடு தலை தூக்கிப் பார்ப்பதில்லை.

*

கொடி என் தோளுயரம்.


புரட்டாசி

மேல் இலைகளின் அருகே நீண்ட காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மொட்டு. பச்சை. கீழே பார்த்துத் தொங்குகிறது.

*

மொட்டின் மேல் நீளவாக்கில் வரிகள். இதழ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள். அந்த இடங்கள் நாளுக்கு நாள் மெல்லியதாகின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்தது கண்ணுக்கும் மொட்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அது விலகிக்கொள்கிறது.

*

தண்ணீர் விடுவதற்கு முன் விரலை மண்ணில் முதல் கணு வரை இறக்கிப் பார்க்கிறேன். ஈரம் ஒட்டினால் சொம்பு அப்படியே திரும்புகிறது.

*

விடியல். ஒரு மொட்டு திறந்திருக்கிறது. இதழ்கள் இன்னும் கீழேயே தொங்குகின்றன. முக்கால் பாகம் பச்சை. ஓரத்தில் நெளிவு. நெளிவில் லேசாக மஞ்சள்.

இதைப் பூ என்று யாரும் இன்னும் சொல்லமாட்டார்கள்.

*

அடுத்த காலை. இதழ்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. அடியில் மஞ்சள். நுனியில் சிவப்பு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எல்லை இல்லை. ஒன்று மற்றொன்றாகும் இடத்தைக் கண் தேடுகிறது. கிடைக்கவில்லை.

*

இப்போது இதழ்கள் முழுக்கப் பின்னால் மடிந்து வானத்தைப் பார்க்கின்றன. பூவின் முகம் மட்டும் தரையைப் பார்க்கிறது.

கீழே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அண்ணாந்து பார்த்தால்தான் முகம் தெரிகிறது. கழுத்து வலிக்கிறது. பார்க்கிறேன்.

*

ஆறு இதழ். ஆறு மகரந்தத் தாள். தாள்கள் சக்கரத்தின் ஆரங்களாய் நாலாபுறமும் நீட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பை, நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஊசலாடுகிறது. மூச்சுப் பட்டாலே ஆடுகிறது.

*

சூல்தண்டு நேராக இறங்கவில்லை. தொடங்கும் இடத்திலேயே செங்குத்தாகத் திரும்பி, ஒரு பக்கமாக வெளியே நீள்கிறது. தன் மகரந்தத்திலிருந்து விலகி. நுனியில் மூன்றாகப் பிரிகிறது.

தன் பூவின் தூள் தன் மேல் விழாதபடி ஒரு தூரம்.

*

மணம் இல்லை. மூக்கை அருகே கொண்டுபோனால் பச்சை வாசனை. இலையின் வாசனையா, ஈர மண்ணின் வாசனையா, பிரிக்க முடியவில்லை.

*

மஞ்சள் குறைகிறது. தினமும் கொஞ்சம். சிவப்பு அடிவரை இறங்குகிறது. கடைசியில் முழுதும் அடர்சிவப்பு. பழைய பூ ஒன்றும் புதிய பூ ஒன்றும் ஒரே கொடியில், ஒரு முழ தூரத்தில். பார்த்துப் பழகாதவர்கள் இரண்டு செடி என்பார்கள்.


ஐப்பசி

வடகிழக்குப் பருவமழை. இந்தப் பக்கம் அது பெரிதாகப் பெய்வதில்லை. பெய்கிற அன்று எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

*

மழையில் பூவுக்குள் தண்ணீர் தங்குவதில்லை. முகம் கீழ்நோக்கி இருக்கிறது. இதழின் முதுகில் விழும் துளி நெளிவோரமாக வழிந்து, காம்பைத் தொட்டு, இலைக்கு இறங்குகிறது. இலையிலிருந்து கொக்கிக்கு. கொக்கியிலிருந்து குச்சிக்கு.

குச்சியில் துளி நிற்கிறது.

*

தொட்டியைச் சற்றே சாய்த்து, அடியில் ஒரு செங்கல் வைக்கிறேன். துளை வழியே செந்நிறத் தண்ணீர். நின்ற பிறகும் சொட்டு.

*

மழை விட்ட காலை. ஊருக்கு வெளியே கண்வலி வயல். காந்தளுக்கு வயலில் அதுதான் பெயர். வரிசை வரிசையாகக் கம்பி. கம்பி தெரியாமல் பூ.

பெண்கள் குனிந்தபடி போகிறார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவுகிறார்கள். ஒவ்வொரு பூவாக. பேச்சு இல்லை. வளையல் சத்தம் மட்டும்.

“வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சுப்போடோணுங்க.”

ஒரு குரல். யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. கைகள் நிற்கவில்லை.

*

தானாக விட்டால் காய் குறைவாகவே பிடிக்கும். கை பட்டால் கூடும். அதனால் இந்தக் காலைகள். பூக்கும் காலம் முழுக்க, தினமும்.

ஒரு பெண்ணின் விரல் நுனிகள் மஞ்சள். நெற்றியில் பறந்த முடியை அந்த விரலால் அவள் ஒதுக்குவதில்லை. மணிக்கட்டால் ஒதுக்குகிறாள்.

*

வேலிக் கொடிக்கு இந்த விரல்கள் வருவதில்லை.

ஒரு வண்ணத்துப்பூச்சி வருகிறது. பூவின் அடியில் தொங்கி, இதழின் அடிப்பக்கத்தில் வாயை வைக்கிறது. சிறகுகள் திறந்து மூடுகின்றன. நீட்டி நிற்கும் தாள்கள் சிறகில் உரசுகின்றன. சிறகில் மஞ்சள்.

தென்னாப்பிரிக்காவில் இதே கொடியை ஆராய்ந்தவர்கள், மகரந்தம் வண்ணத்துப்பூச்சியின் சிறகில் ஏறிப் பூவுக்குப் பூ போவதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பூச்சி போய்விட்டது. பூ கொஞ்ச நேரம் ஆடுகிறது.

*

தேன்சிட்டு. வந்தது தெரியவில்லை. போனது தெரிகிறது.

*

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதற்பூ காந்தள். மலைக்குரிய பூ. முருகனுக்குரிய பூ.

இங்கே மலை இல்லை. தெளிந்த காலையில் தெற்கே தொலைவில் பழனி மலைத்தொடரின் நீலம் மட்டும் தெரிகிறது. வேதாரண்யத்தில் கடலோர மணலிலும் இந்தக் கொடி வளர்கிறது. ஜெயங்கொண்டத்துச் செம்மண்ணிலும். கொடிக்கு வேண்டியது தண்ணீர் வடிகிற மண். பிடிக்க ஒரு குச்சி.

*

மேகம் மூடுகிறது. நீலம் போய்விடுகிறது.

*

மாலையில் பூக்களின் சிவப்பு மற்ற நிறங்களுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருப்பதாகத் தோன்றுகிறது. பச்சை கருக்கிறது. மண் கருக்கிறது. சிவப்பு இருக்கிறது.

பிறகு அதுவும் தெரிவதில்லை. கொடி அங்கேதான் இருக்கிறது.


கார்த்திகை

விளக்கு வைக்கும் மாதம். வாசல்களில் வரிசையாய் அகல். கொடியில் கடைசிப் பூக்கள்.

*

ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். போரில் இறந்த பிள்ளைகளை நினைத்து, இந்த மாதத்தில் இந்தப் பூவை ஏந்துகிறார்கள். கடல் தாண்டிப் போன ஊர்களிலும், குளிரில், கோட்டின் மேல் துணியால் செய்த பூவைக் குத்திக்கொள்கிறார்கள்.

பூவைப் பார்க்கிறேன். அவர்கள் பார்க்கும் பூவை என்னால் பார்க்க முடியாது.

*

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இதே நெளிவு, இதே கொக்கி. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் 21-ஆவது பிறந்தநாளுக்கு அந்த நாட்டிலிருந்து வந்த பரிசும் இந்தப் பூதான், வைரத்தில் இழைத்தது.

கிளுவை முள்ளில் ஒரு பூ ஆடுகிறது.

*

இதழ்கள் உடனே உதிர்வதில்லை. வாடி, சுருங்கி, காயின் தலைமாட்டில் ஒட்டியபடி இருக்கின்றன. ஊதினால் ஒன்று விழுகிறது. மற்றவை இருக்கின்றன.

*

காய். வெளிர்பச்சை. விரல் நீளம். மூன்று அறை. ஒவ்வோர் அறையின் மேடும் வெளியே தெரிகிறது. உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறேன். காம்பிலிருந்து பிரிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட எடை அதிகம்.

*

எறும்புகள் காயைச் சுற்றி வருகின்றன. எதையும் எடுப்பதில்லை.

*

ஒரு நினைப்பு வருகிறது. இந்த வருஷம் காய் அதிகம்.

இன்னொரு நினைப்பு. போன வருஷத்தைவிடவா.

இரண்டும் போகின்றன. காய் தொங்குகிறது.


மார்கழி

பனி. கோலப்பொடி ஈரத்தில் அப்பிக்கொள்கிறது. எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. சொல் இங்கே வரை வரவில்லை. ராகம் வருகிறது.

*

கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. நுனியிலிருந்து அடிக்கு. கொக்கிகள் காய்ந்தும் குச்சியை விடவில்லை.

தண்ணீரைக் குறைக்கிறேன். தினமும் சொம்பை எடுத்த கை, வெறுமனே தொட்டி வரை வந்து நிற்கிறது.

*

காயின் பச்சை கருக்கிறது. தோல் சுருங்குகிறது. வயலில் அறுப்புக்கு அதுதான் அடையாளம். நட்டதிலிருந்து 160 முதல் 180 நாள். அறுத்து நிழலில் உலர்த்துகிறார்கள்.

*

ஒரு நெற்று தானே வெடித்திருக்கிறது. மூன்றாகப் பிளந்து, ஓரங்கள் வெளிப்பக்கம் சுருண்டு. உள்ளே விதைகள். ஆரஞ்சு கலந்த சிவப்பு. உருண்டை. மேல் தோலில் ஈரப் பளபளப்பு.

குழந்தைகளின் கை நீளக்கூடிய நிறம். விதைகள் ஒரு புட்டிக்குள் போகின்றன. மூடி திருகப்படுகிறது. புட்டி பரண் மேல்.

*

இந்த விதைக்குள் கொல்ச்சிசின். கிழங்கில் இருப்பதைவிட விதையில் அதிகம்.

1820-இல் பாரீஸில் பெல்லத்தியேவும் காவந்துவும் ஐரோப்பியக் கொல்ச்சிகச் செடியிலிருந்து இந்த மருந்துப் பொருளைப் பிரித்தார்கள். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலிக்கு இன்றும் அதே மருந்து. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம்.

கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காத இரவு. அந்த அரை மில்லிகிராம் மூலனூர்ப் பக்கத்து வயல் ஒன்றிலிருந்தும் போயிருக்கலாம்.

*

செல் இரண்டாகப் பிரியும்போது, பிரித்து இழுக்கும் நுண்ணிழைகளைக் கொல்ச்சிசின் கட்டவிடாது. பிரிவு பாதியில் நிற்கும். குரோமோசோம்கள் இரட்டித்தபடி ஒரே செல்லில் தங்கிவிடும்.

1937 முதல் தாவர ஆய்வாளர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்தது.

தாராபுரம் சாலையோரம் தர்பூசணிக் கீற்றுகள் அடுக்கி வைக்கும் கோடை நினைவுக்கு வருகிறது. நாக்கில் ஒரு குளிர்ச்சி. பிறகு இல்லை.

*

அதே பொருள் மனித உடம்பில் அளவு மீறினால், அங்கேயும் செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. முதலில் குடலில். சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. பிறகு உறுப்பு ஒவ்வொன்றாக. பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டுகிறது. பிறகு முளைக்கிறது.

சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் உண்டு. தெரிந்தே தின்றவர்களும் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கும் இலங்கை மருத்துவமனைகளுக்கும் இரண்டும் தெரியும்.

*

எழுதிவிட்டுக் கொடியைப் பார்க்கிறேன்.

காய்ந்த தண்டு. காற்றில்லை. எதுவும் மாறவில்லை.

*

விதைக்கு விலை ஒரு வருஷம் ஏறுகிறது. ஒரு வருஷம் இறங்குகிறது. விலையை நிர்ணயிப்பது வாங்குகிறவர்கள். விற்கிற வீடுகளில் மூட்டை அப்படியே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நடையில் வருகிறார்கள், போகிறார்கள். காலையில் வயலில் நின்ற கைகளுக்கு இந்த விலை கட்ட வேண்டும். கட்டுவதில்லை.


தை

தண்டு இழுத்ததும் வருகிறது. எந்தத் தடையும் இல்லை. கிழங்கிலிருந்து தானே விடுபட்டுவிட்டது.

மிலாரோடு சேர்த்து எடுத்து வைக்கிறேன். பொங்கல் அடுப்புக்கு வேண்டாம். தனியாக ஒரு குழியில்.

*

தொட்டியில் மண் மட்டும்.

*

தண்ணீர் இல்லை. நிழலில் ஓர் இடம். இனிமேல் ஆனி வரை இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததையும் ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

*

மற்றத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கை பழக்கத்தில் இந்தப் பக்கம் திரும்புகிறது. நிற்கிறது. சொம்பின் விளிம்பில் தண்ணீர் தளும்புகிறது.


பங்குனி

வெயில். கொழுக்கட்டைப்புல் வெளுத்துவிட்டது. கிளுவை இலைகளைக் கொட்டிவிட்டது. வேலி வெறும் முள். காந்தள் இருந்த இடம் எது என்று சொல்ல முடியவில்லை.

*

தொட்டி மண் வெடித்திருக்கிறது. வெடிப்பு விளிம்பு வரை போகிறது. உள்ளே இருட்டு.

கிழங்கு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளவும் தோன்றுகிறது. நடுவில் எதுவும் செய்யாமல் ஒரு மத்தியானம் போகிறது.

*

செம்போத்து கூப்பிடுகிறது. நிறுத்துகிறது. நிறுத்திய இடத்திலிருந்து வெயில் தொடர்கிறது.

*

மண்ணுக்குள் போன வருஷத்துக் கிழங்கு இப்போது இல்லை. தண்டும் இலையும் பூவும் காயும் ஆகும் போதே அது சுருங்கி முடிந்துவிட்டது. அதன் அருகில் புதிய கிழங்கு. நட்டது ஒன்று. கிடைக்கப்போவது வேறொன்று. கொடி மட்டும் அதே கொடி என்று சொல்கிறோம்.


வைகாசி

கோடைமழை. ஒரே ஒரு மாலை. புழுதி வாசனை வீட்டுக்குள் வருகிறது. கதவைச் சாத்தவில்லை.

*

தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டேன். இந்த ஈரம் இதற்கு வேண்டாம். வேலியில் இருப்பதை யாரும் உள்ளே இழுப்பதில்லை. அது நனைகிறது.


ஆனி

தொட்டியைக் கவிழ்க்கிறேன். மண் உதிர்கிறது. கிழங்கு.

கலப்பை வடிவம். இரண்டு கை. பழுப்புத் தோல், சில இடங்களில் உரிந்து, அடியில் வெண்மை. மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. கழுவாமல் காய்ந்த துணியால் துடைக்கிறேன்.

*

ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. அது ஒன்றுதான். உருளைக்கிழங்குக்கு மேலெல்லாம் கண் உண்டு. இதற்கு இல்லை. நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. கிழங்கை எடுக்கும்போது நுனியைப் பிடிப்பதில்லை. நடுவில் தாங்கி எடுக்கிறேன்.

உள்ளங்கையில் குளிர்ச்சி. மூச்சு தானாகவே மெதுவாகிறது.

*

50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கு நடுவதற்கு ஏற்றது என்பது வயல் கணக்கு. சிறியது முளைக்கும், பூக்கக் காத்திருக்க வேண்டும். விதை போட்டால் பூவுக்குச் சில வருஷம்.

காத்திருப்பதில் யாருக்கும் அவசரம் இல்லை. கிழங்குக்கும் இல்லை.

*

புதுமண். படுக்கைவாக்கில் கிழங்கு. நான்கு விரற்கடை ஆழம். மண் மூடுகிறது. தட்டி இறுக்குவதில்லை. மேலே விரல் தடம்.

மேற்கே மேகம். காற்று மெல்லத் தொடங்குகிறது.

*

கிழங்கு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துடைத்த துணியை எறிந்துவிட வேண்டும். நட்டது போக மிஞ்சிய கிழங்கைச் சமையலறைக்குள் கொண்டுபோகக் கூடாது. தொட்டி, குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இந்தக் கொடியில் தின்னக்கூடியது எதுவும் இல்லை.